டயருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்ட வேண்டும், என்றாவது ஒருநாள் ஏலகிரி ஏற வேண்டும். இத்தனைக்கும் ஒரே சைக்கிள், அதுவும் அலுமினிய ரோடு சைக்கிள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் 65,000 ரூபாய் இருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய கார்பன் சைக்கிளை அதே விலைக்குத் தருகிறேன் என்கிறார். இன்னொருவரோ அலுமினியம் என்றாலே முதுகு போய்விடும், ஒருநாள் ஃபிரேம் சொல்லாமல் கொள்ளாமல் முறியும் என்று பயமுறுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியமே வாங்குங்கள். அந்தப் பழைய கார்பன் வேண்டாம். ஆனால் ஃபிரேம் எதில் செய்தது என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் நீங்கள் கொடுத்திருக்கும் இடம் அதிகம். தினசரி ஓட்டத்துக்கு ரோடு சைக்கிள் தேடுகிறவர் கடைக்குள் நுழைந்ததும் குனிந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் ஃபிரேமுக்குள் நுழைகிற இடத்தில், டயருக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் ஃபோர்க்குக்குள்ளும் அதேபோல் பாருங்கள். அந்தச் சைக்கிள் உங்களுக்கு எத்தனை விதமான வேலைக்கு உதவும் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது. எடை, கியர் எண்ணிக்கை, கம்பெனிப் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, அலுமினியத்தைப் பற்றிய அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம் இருக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிராம்தான். எடை மூன்றில் ஒரு பங்கு என்பது போலவே விறைப்பும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எஃகுக் குழாயின் பருமனிலேயே அலுமினியக் குழாயை வைத்து ஃபிரேம் செய்தால் அது துவளும். 1970களில் இத்தாலியின் ஆலன் நிறுவனமும், பின்னர் பிரான்சின் விட்டூஸ் நிறுவனமும் ஒல்லியான அலுமினியக் குழாய்களைப் பசைபோட்டு இணைத்துச் செய்த சைக்கிள்கள் அப்படித்தான் இருந்தன. அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி விட்டூஸ் ஓட்டியே பெரிய பந்தயங்களை வென்றார். அப்படியும் துவளும் சைக்கிள் என்ற பெயர் அதைவிட்டுப் போகவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன் வேறொரு வழியில் போனார். குழாயைப் பருமனாக்கினார், அதன் சுவரை மெல்லியதாக்கினார். விட்டம் கூடுவதைவிட வெகு வேகமாக விறைப்பு கூடும். சுவர் மெல்லியதாக இருப்பதால் எடை ஏறாது. 1983இல் கேனன்டேல் நிறுவனம் தடித்த குழாய் வைத்த அலுமினிய சைக்கிள்களை விற்கத் தொடங்கியது. இன்று கடையில் நீங்கள் பார்க்கும் அலுமினிய ஃபிரேம்கள் எல்லாம் அந்த வம்சம்தான். 1998இல் மார்க்கோ பந்தானி டூர் டி பிரான்ஸ் வென்றது அலுமினிய பியாங்கி சைக்கிளில். உலகின் ஆகக் கடினமான பந்தயத்துக்குத் தாங்கிய உலோகம் அது.

முதுகுவலிக் கதை பிறந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அப்போதைய தடித்த குழாய் ஃபிரேம்கள் உண்மையாகவே விறைப்பானவை. அவற்றில் 23 மில்லிமீட்டர் அகல டயரை மாட்டி, விரலால் அமுக்கினால் அமுங்காத அளவுக்குக் காற்றடித்து ஓட்டினார்கள். பழி முழுக்க அலுமினியத்தின் தலையில் விழுந்தது. யோசித்துப் பாருங்கள், சைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த ஒன்று. முக்கோணத்தை மேலிருந்து அழுத்தினால் அது எஃகாக இருந்தாலும் கார்பனாக இருந்தாலும் அமுங்குவது சொற்பம். பள்ளத்தில் இறங்கும்போது உண்மையில் அமுங்குவது டயர். அடுத்தபடியாக சீட், சீட் போஸ்ட், உங்கள் முழங்கை. டயரை அகலமாக்கிக் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் சுகத்தை எந்த விலை உயர்ந்த ஃபிரேமும் தராது. பந்தய வீரர்களே 23ஐ விட்டு 25க்கும், 25ஐ விட்டு 28க்கும், அதற்கு மேலும் போய்விட்டார்கள்.

முறிவு விஷயத்தில் உங்களைப் பயமுறுத்தியவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. எஃகுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழான விசையை எத்தனை லட்சம் தடவை கொடுத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்ன விசையானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் என்றோ ஒருநாள் வெடிப்பு விடும். இது தயாரிப்பவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் இணைப்புகளுக்கு அருகே குழாயைத் தடிமனாக விட்டு நடுவில் மட்டும் மெலிதாக இழுக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, மிதிப்பது போன்ற விசையை 1,00,000 தடவை கொடுத்து ஃபிரேமைச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் விழுவது ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம். தட்டைச் சாலையில் உட்கார்ந்தபடி மிதிக்கும் உங்கள் கால் அதில் பாதியைக்கூடக் கொடுக்காது. மாதம் ஒருமுறை சைக்கிளைக் கழுவும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றியுள்ள வெல்டு, சீட் போஸ்ட் நுழையும் வாய், இந்த மூன்று இடங்களிலும் பெயின்டில் முடிபோல ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு தெரிந்தால் அந்த ஃபிரேமின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்க வேண்டாம். அந்தக் கலவை உலோகத்துக்கு பலம் கொடுத்ததே சூட்டுப் பதம்தான். பற்றவைத்த இடத்தில் பதம் போய்விடும், மறுபடி கொண்டுவர அதற்கான உலை வேண்டும்.

பழைய கார்பனை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் கார்பனின் தரம் அல்ல. அடிபட்ட அலுமினியத்தில் நெளிவு தெரியும், விரலை வைத்துத் தடவினாலே அகப்படும். கார்பன் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தாலும் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தச் சைக்கிள் எங்கெங்கே விழுந்தது என்று அவருக்கே நினைவிருக்காது. தவிர, பந்தயத்துக்கென்று செய்த கார்பன் ஃபிரேம்கள் பலவற்றில் மட்கார்டோ கேரியரோ மாட்டத் துளையே இருக்காது. உங்கள் மடிக்கணினியும் சாப்பாட்டுப் பையும் முதுகில்தான் ஏற வேண்டும். மே மாதத்தில் பல்லாவரம் தாண்டுவதற்குள் முதுகு தொப்பலாக நனைந்துவிடும்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன்.

அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை நம் அப்பா, தாத்தா ஓட்டியிருப்பார்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல், பூட்டு எல்லாம் சைக்கிளோடு சேர்ந்தே வரும். வாங்கிய அன்றே அரிசி மூட்டை ஏற்றலாம். எடை இருபது கிலோவைத் தொடும் என்றாலும் தினசரி வாழ்க்கைக்கு என்னென்ன தேவை என்று தெரிந்தவர்கள் செய்த வண்டி அது. ரோடு சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தது. பத்து கிலோவுக்கு எடையைக் குறைக்க இவை அத்தனையையும் கழற்றிவிட்டார்கள். சிலவற்றில் பெடலைக்கூடத் தனியாகத்தான் வாங்க வேண்டும். தினமும் ஓட்டப்போகும் நீங்கள் இவற்றில் பாதியைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். மாட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் திருகுத் துளைகள் இருக்க வேண்டும். ஒன்று மட்கார்டுக்கு, ஒன்று கேரியருக்கு. சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்களின் மேல்பகுதியிலும் துளைகள் வேண்டும். ஃபோர்க்கின் கால்களில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அலுமினிய ஃபிரேம் என்றாலும் ஃபோர்க் பெரும்பாலும் கார்பனில் வரும், அங்கே துளை வைக்காமல் விட்டுவிடுவார்கள். நம் ஊரில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் மட்கார்டு இல்லாத சைக்கிளின் பின்சக்கரம் சாக்கடைத் தண்ணீரை நேராக முதுகில் கோடு போட்டு அடிக்கும், முன்சக்கரம் அதையே செருப்பிலும் செயினிலும் அடிக்கும். மழைக்காலத்தில் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு ரயிலுக்குப் போகிறவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் குறை உடம்பில் இல்லை, மட்கார்டு மாட்ட வழியில்லாத சைக்கிளில்தான்.

டயர் அகலம் 32 மில்லிமீட்டர். உங்களுக்கு இதுதான் நான் சொல்லும் அளவு. 25ஐவிட 32 ஏதோ ஏழு மில்லிமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் டயருக்குள் இருக்கும் காற்றின் அளவு அகலத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 32ஐ 25ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.64. அதாவது 64 சதவீதம் கூடுதல் காற்று உங்களைத் தாங்குகிறது. உங்கள் எடைக்கு 50 பி.எஸ்.ஐ. அடித்தாலே போதும், 25 டயர் என்றால் 80ஐ ஒட்டி அடித்தாக வேண்டும். நீங்கள் தினமும் போகப்போகும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் விரிசலைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடிகளையும் பார்த்திருப்பீர்கள், சில இடங்களில் கம்பிகள் நாம் போகும் திசையிலேயே படுத்திருக்கும். ஒல்லி டயர் அதில் இறங்கினால் ஆள் கீழே. காற்று குறைந்த ஒல்லி டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். 32 டயரில் இந்த வகைப் பஞ்சர் அபூர்வம். வேகம் குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். நம் சாலையின் சொரசொரப்பில் கல்லாக இறுகிய டயர் துள்ளித் துள்ளிச் சக்தியை வீணாக்குகிறது, அகல டயர் அப்படியே உருண்டு போகிறது.

மட்கார்டும் மாட்ட வேண்டும் என்பதால் டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இன்னும் ஐந்தாறு மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் டயருக்கு எவ்வளவு இடம் என்று போட்டிருக்கும் எண் 35 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிரேக் கேள்வியும் இங்கேயே முடிந்துவிடுகிறது. ரிம்மைப் பிடிக்கும் வழக்கமான ரோடு பிரேக்கின் கைகள் குட்டையானவை. 28 டயருக்கு மேல் அதற்குள் நுழையாது, மட்கார்டு போட்டால் அதுவும் சந்தேகம். டிஸ்க் பிரேக் வந்தபிறகுதான் ஃபிரேம் செய்கிறவர்களுக்கு அந்தத் தடை நீங்கியது. மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பது அதன் இரண்டாவது லாபம். கேபிளில் இயங்கும் டிஸ்க் போதும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது விரலுக்கு இன்னும் சுகம்தான். ஆனால் அதற்குள் காற்று புகுந்தால் அதை எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். கேபிள் என்றால் எந்தக் கடையிலும் ஐந்து நிமிட வேலை.

ஹேண்டில்பார் வளைந்திருப்பது நகரத்துக்குச் சரிவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும். கிண்டிக்குப் போகும்போது உங்கள் கை பெரும்பாலும் பிரேக் லீவரின் தலையில்தான் இருக்கும், அங்கிருந்தே பிரேக்கும் கியரும் எட்டும். கோவளத்தைத் தாண்டியதும் எதிர்காற்று அடிக்கும் நாளில் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தீர்களானால் அதன் அருமை தெரியும். பந்தய வகையில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் எட்டியும் இருக்கும், அது உங்களுக்கு வேண்டாம். நீண்ட தூர ஓட்டத்துக்கென்று முன்பக்கம் உயர்த்திச் செய்த வகையைக் கேளுங்கள். கடைக்காரர்கள் எண்டூரன்ஸ் என்பார்கள். ட்ரெக் டொமானே ஏ.எல்., ஜயன்ட் கன்டெண்ட், கேனன்டேல் சினாப்ஸின் அலுமினிய வகை, டெகத்லானின் டிரைபன் ஆகியவை இந்தக் குடும்பம். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் மாறும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அந்த ஆண்டுக்குரிய அளவுப் பட்டியலைப் பாருங்கள்.

கியர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷிமானோவின் கிளாரிஸ் எட்டு கியரே உங்களுக்குத் தாராளம். செயினும் பல்சக்கரமும் தேய்ந்து மாற்றும்போது விலை குறைவு, எங்கும் கிடைக்கும். சோரா, டியாக்ரா என்று மேலே போவதற்கான பணத்தை டயரில் போடலாம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆகச் சுலபமான கியர் எது என்பது. முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் ஆகப் பெரியது 32 பல் என்றால், பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சைக்கிள் 2.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக ஏற அது போதும். மறுமுனையில் 50 பல்லுக்கு 11 பல் என்ற ஆகக் கடினமான கியரைச் சரளமாக மிதித்தால் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். இறக்கம் தவிர வேறெங்கும் நீங்கள் அதைத் தொடப்போவதில்லை. ஏலகிரிக்குப் பிறகு ஆசை கூடினால் 70 வளைவுகளோடு கொல்லிமலை இருக்கிறது. அந்த மலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டுதான் மேட்டூரில் பல ஆண்டுகள் அலுமினியம் உருக்கினார்கள் என்பதை, அலுமினிய சைக்கிளில் ஏறப்போகும் உங்களுக்குச் சொல்லிவைக்கத் தோன்றுகிறது. கொல்லிமலைக்குப் போகும்போது பின்னால் 34 பல் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்கள் உயரம் 157 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை 165க்கு மேற்பட்ட ஆண்களுக்கானவை. சீட்டை இறக்கிக்கொள்ளலாம், ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவரலாம் என்று சொல்லிக் கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சீட்டை இறக்கினால் கால் எட்டும், ஆனால் கை எட்டாது. எட்டாத கையோடு தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டாம் வாரமே கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும், மூன்றாம் மாதம் சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும்.

வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கனமான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுத்தம் விழுமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளவெடுக்கச் சொல்லுங்கள். அதை 0.883ஆல் பெருக்குங்கள். டூர் டி பிரான்சை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது. 73 சென்டிமீட்டர் வந்தால் விடை 64.5. பெடல் கைகள் சுற்றும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் அது. கடையில் அந்த உயரத்தில் சீட்டை வைக்கச் சொல்லி உட்கார்ந்து பாருங்கள். பிரேக் லீவரின் தலையைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. இறங்கி நின்றால் மேல்குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு விரலாவது இடம் வேண்டும். ஹேண்டில்பாரின் அகலம் உங்கள் தோள் அளவுதான், 38 அல்லது 40 சென்டிமீட்டர். கை சிறியதென்றால் பிரேக் லீவரை உள்பக்கம் கொண்டுவர அதிலேயே ஒரு திருகு இருக்கும். திருகித் தரச் சொல்லுங்கள்.

சின்ன அளவு ஃபிரேமில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பெடலை முன்னால் கொண்டுவந்து கிடைமட்டமாக வைத்து, கால் பதித்தபடி ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் கால்விரலைத் தொடுகிறதா? மட்கார்டு போட்டபின் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கிட்டே வரும். வேகத்தில் இது தொந்தரவே இல்லை. ஆனால் நெரிசலில் மெல்ல யூ டர்ன் அடிக்கும்போது கால் மாட்டினால் விழுவீர்கள். லேசாகத் தொட்டால் பழகிக்கொள்ளலாம், பாதி செருப்பு மாட்டுகிறது என்றால் வேறு மாடல் பாருங்கள். பெடலைத் தாங்கும் கை (கிராங்க்) 165 மில்லிமீட்டர் நீளத்தில் கிடைத்தால் உங்கள் காலுக்கும் நல்லது, இந்தச் சிக்கலும் குறையும்.

சக்கரத்தில் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். 28 இருந்தால் சரி, 32 இருந்தால் இன்னும் நல்லது. 20, 24 கம்பி வைத்த சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தாலே ரிம் கோட்டமாகி ஃபிரேமில் உரசும், வீட்டுக்கு உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். 32 கம்பியில் ஒன்று போனால் மெல்ல ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம், தெருக்கடையிலேயே கோட்டம் எடுத்துவிடுவார்கள்.

தெருக்கடையைப் பற்றிச் சொன்னேன். அங்கே இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் டயரில் 700 சி என்றும், இன்ச் கணக்கில் 28 என்றும் போட்டிருக்கும். அவரிடமும் 28 இன்ச் டயர் தொங்கும், அது பழைய பெரிய சைக்கிளுக்கானது. அது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், உங்களுடையது 622. மாட்டவே மாட்டாது. டயரின் பக்கவாட்டில் 32-622 என்று பொறித்திருக்கும் எண்ணைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அடுத்தது வால்வு. நம் பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருக்கும். ரோடு சைக்கிளில் வருவது ஒல்லியான பிரெஸ்டா வால்வு, நுனியில் குட்டித் திருகு. அவருடைய பம்பு அதில் பிடிக்காது. பிரெஸ்டாவை மற்ற வால்வுபோல ஆக்கும் பித்தளை அடாப்டர் ஒன்று சுண்டுவிரல் நகம் அளவில் கிடைக்கிறது. இரண்டு வாங்கி ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நுனித் திருகைத் தளர்த்திவிட்டு அடாப்டரைத் திருகினால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம்.

கியர் மாற்றும் கை தொங்குகிறதே, பின்சக்கரத்தின் வலதுபுறம், அதை ஃபிரேமோடு சேர்த்துப் பிடித்திருப்பது கட்டைவிரல் அளவில் ஒரு அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்று பெயர். சைக்கிள் வலதுபக்கம் சாய்ந்து விழுந்தால் ஃபிரேம் பிழைக்கட்டும் என்று தான் வளைந்துகொள்வதற்காகவே மென்மையாகச் செய்தது. ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு வடிவம், பின்னால் தேடினால் கிடைக்க வாரக்கணக்காகும். சைக்கிள் வாங்கும் அன்றே அதே மாடலுக்கான ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதை முழுக்க நம்பிவிடாதீர்கள். சிவப்புத் துரு வராது, உண்மைதான். ஆனால் உப்பு ஈரத்தில் எஃகுத் திருகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவருக்கும், ஹேண்டில்பார் மேல் வியர்வை சொட்டுகிறவருக்கும் இது நிச்சயம் வரும். புதுச் சைக்கிளானாலும் சீட் போஸ்ட்டை உருவி கிரீஸ் தடவிப் போடுங்கள், மட்கார்டுத் திருகுகளுக்கும் தடவுங்கள். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். செயினுக்கு ஒரு சாதாரண இன்ச் ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் புதுச் செயினில் சரியாக 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் நடு வரும். அது ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போய்விட்டால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பணத்தைப் பிரித்துச் சொல்கிறேன். 65,000 இருந்தால் சைக்கிளுக்கு 55,000க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியில் முழு நீள மட்கார்டு, கேரியர், அதில் தொங்கும் பை, முன்னும் பின்னும் விளக்கு, பெல், நல்ல பூட்டு, அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த பம்பு, கூடுதல் டியூப் இரண்டு, ஹெல்மெட். இவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். விளக்கும் மட்கார்டும் இல்லாத சைக்கிளில் நவம்பர் மாலை ஏழு மணிக்குக் குரோம்பேட்டை வழியாக வீடு திரும்ப முடியாது. டிஸ்க் வைத்த மாடல் அந்தப் பணத்துக்குள் அடங்கவில்லை என்றால், ரிம் பிரேக் வைத்து 28 டயரும் மட்கார்டும் ஏற்கும் ஃபிரேம் வாங்கலாம், அதுவும் நல்ல சைக்கிளே. ஆனால் 25 டயருக்கு மட்டுமே இடம் விட்ட ஃபிரேமை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டயரை, கியரை, சீட்டை, ஏன் சக்கரத்தைக்கூடப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமில் விடாத இடத்தை எந்த மெக்கானிக்காலும் உண்டாக்க முடியாது.

மழைக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரில் வாங்கிவிட்டால் நிதானமாகப் பழகிக்கொள்ளலாம். உங்கள் அளவு கடையில் இல்லை, வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்பார்கள். காத்திருங்கள். இதையே எடுத்துக்கொண்டு போங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அன்புடன்.